புதர் வெட்டும் முன் பேப்பர்: கலிஃபோர்னியா மலையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சீக்வா வழிகாட்டி

எங்கள் சாலைக்குப் போகவும் வரவும் ஒரே வழிதான். சான்டா குரூஸ் மலைக்குள் வளைந்து வளைந்து போகும், எதிரே ஒரு லாரி வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். 2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து பற்றிய சி.இசட்.யூ. தீ இந்த மலையில் 86,000 ஏக்கருக்கு மேல் தின்றுவிட்டுப் போன பிறகு, சாலையின் இரண்டு பக்கமும் மண்டிக் கிடக்கிற புதரைக் கழித்துவிட்டால் தப்பி ஓடவாவது வழி இருக்குமே என்று அக்கம்பக்கத்தார் கூடிப் பேசினோம். நாலு செயின்சா, ரெண்டு சனி ஞாயிறு, வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். முடிய 14 மாதம் ஆனது. அதில் செயின்சா ஓடியது 11 நாள்தான். மீதியெல்லாம் பேப்பர். அந்தப் பேப்பரில் பாதிக்கு மேல் சட்டத்தின் குற்றமில்லை, நாங்கள் தப்பான வாசலில் போய் நின்றதுதான் காரணம். உங்களுக்கு அது நடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, காட்டுத்தீத் தடுப்புக்காக அக்கம்பக்கத்தார் நடத்தும் ஃபயர் சேஃப் கவுன்சிலில் தன்னார்வலன், அவ்வளவுதான்.

முதலில் ஒரு கேள்வி: உங்கள் வேலைக்கு சீக்வா தேவையா? சீக்வா (CEQA) என்பது 1970-ல் ரொனால்ட் ரீகன் கவர்னராக இருந்தபோது வந்த கலிஃபோர்னியா சுற்றுச்சூழல் சட்டம். அது உங்களைக் கட்டுப்படுத்துவதில்லை, அரசு அமைப்புகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஓர் அரசு அமைப்பு தானே ஒரு வேலையைச் செய்தாலோ, அதற்குப் பணம் கொடுத்தாலோ, யோசித்து முடிவெடுத்துத் தர வேண்டிய அனுமதியைத் தந்தாலோ, அதற்கு முன்னால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று பார்த்தாக வேண்டும். ஆகவே உங்கள் சொந்த நிலத்தில், உங்கள் சொந்தக் காசில், வீட்டைச் சுற்றி 100 அடிக்குப் புல்லும் புதரும் கழிக்கிறீர்கள் என்றால் சீக்வா பக்கமே போக வேண்டாம். மாநிலத் தீயணைப்புப் பொறுப்புப் பகுதியில் அந்த 100 அடி உங்கள் கடமை, செய்யாவிட்டால்தான் நோட்டீஸ் வரும். பெரிய மரத்தை வெட்ட மட்டும் கவுன்டியில், அதாவது மாவட்ட நிர்வாகத்தில், தனி அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயரிடம் மானியம் வாங்கினால் அது அரசுப் பணம். கவுன்டி சாலை ஓரத்தில் வெட்டினால் கவுன்டி அனுமதி. பக்கத்தில் ஸ்டேட் பார்க் நிலம் வந்தால் அது அவர்கள் முடிவு. இந்த மூன்றில் ஒன்று நுழைந்தாலும் சீக்வாவும் கூடவே வந்துவிடும். எங்கள் விஷயத்தில் மூன்றில் இரண்டு இருந்தது.

கையெழுத்துப் போடப்போவது யார்?

நாங்கள் சறுக்கிய இடம் இது. சீக்வாவில் லீட் ஏஜென்சி என்று ஒருவர் இருக்க வேண்டும், முடிவெடுத்துக் கையெழுத்துப் போடுகிற முதன்மை அமைப்பு. அது அரசு அமைப்பாக மட்டுமே இருக்க முடியும். ஃபயர் சேஃப் கவுன்சில் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் பெரும்பாலும் லாப நோக்கில்லாத சங்கம்தான். எங்களுக்கு இது தெரியவில்லை. வரைபடம் போட்டோம், மரங்களுக்கு ரிப்பன் கட்டினோம், மானியப் படிவத்தில் லீட் ஏஜென்சி என்ற கட்டத்தில் எங்கள் பெயரையே எழுதினோம். நாலு மாதம் கழித்து, "இதில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?" என்று ஒற்றை வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதற்குள் வசந்தம் போய்விட்டது, அது ஏன் பெரிய நஷ்டம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஆகவே கத்தியை எடுக்கும் முன் உங்கள் பகுதி ஆர்.சி.டி.யைப் போய்ப் பாருங்கள். ரிசோர்ஸ் கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்ட், ஒரு காலத்தில் விவசாயிகளின் மண் அரிப்புக்காகத் தொடங்கிய சின்ன அரசு அமைப்பு, இப்போது மலைப்பகுதிகளில் காட்டுத்தீத் தடுப்பு வேலையில் பாதியை இவர்கள்தான் இழுத்துப் போகிறார்கள் என்று தோன்றும். இல்லையென்றால் உள்ளூர் ஃபயர் டிஸ்ட்ரிக்ட், கவுன்டி, அல்லது பணம் கொடுக்கிற கால் ஃபயரே லீடாக இருக்கலாம். யார் என்பது வாய்ப்பேச்சாக இல்லாமல் மின்னஞ்சலில் உறுதியாக இருக்க வேண்டும்.

எந்த வாசல்?

லீட் ஏஜென்சி கிடைத்துவிட்டதா? சரி, இப்போது எந்த வழியாகப் போவது என்று பார்ப்போம். திட்டத்தை முதலில் போட்டுவிட்டு வாசலைத் தேடாதீர்கள். வாசலைப் பார்த்துவிட்டு அதற்குள் நுழைகிற அளவுக்குத் திட்டத்தை வரையுங்கள். நான் இந்த 14 மாதத்தில் கற்றது முக்கால்வாசி இதுதான்.

மிகச் சிறிய வாசல், விலக்கு. வகை 4 என்று ஒன்று இருக்கிறது, நிலத்தில் சின்ன மாற்றங்கள் பற்றியது. கட்டிடங்களிலிருந்து 30 அடிக்குள் எரியக்கூடிய செடிகொடிகளைக் குறைப்பதை அது விலக்குகிறது. தீ அபாயம் மிகுந்த இடம், 100 அடி தேவை என்று தீயணைப்புப் பொறுப்புள்ள அமைப்பு தீர்மானித்திருந்தால் 100 அடி வரைக்கும் நீளும். நிபந்தனை இரண்டு: அருகிவரும் செடியோ விலங்கோ அழியக் கூடாது, மண் அரித்து ஓடையில் சேரக் கூடாது. வீடுகள் நெருக்கமாக இருக்கிற தெருவுக்கு இதுவே போதும். ஆனால் இரண்டு பொறி இருக்கிறது. ஒன்று, "நாங்கள் இன்னின்ன பரிகாரம் செய்துவிடுகிறோம், அதனால் பாதிப்பு இருக்காது" என்று சொல்லி இந்த வகை விலக்கை வாங்க முடியாது. பரிகாரம் தேவைப்படுகிற வேலை என்றால் அது விலக்குக்கு உரிய வேலையே இல்லை என்பது நீதிமன்றங்களின் நிலை. இரண்டு, 60 ஏக்கர் வேலையைப் பத்துப் பத்து ஏக்கராக நறுக்கி ஆறு விலக்கு வாங்கலாம் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது ஒரு புத்திசாலி சொல்வார். சொல்லட்டும், செய்யாதீர்கள். முழு வேலையையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பது சீக்வாவின் அடிப்படை, வழக்குப் போடுகிறவர்கள் முதலில் தேடுவதே இந்த நறுக்கலைத்தான்.

அடுத்த வாசல் கால்-வி.டி.பி., தீக்கு இரையாகும் செடிகொடிகளைக் கழிப்பதற்கான மாநிலத் திட்டம். எங்களைப் போல சாலை நெடுக, மலைமுகடு நெடுக ஃபியூயல் பிரேக் போட நினைப்பவர்களுக்கு இதுதான் பொருத்தம். ஃபியூயல் பிரேக் என்றால் நம்மூர் வனத்துறை போடுகிற தீத்தடுப்புக் கோடு மாதிரிதான், ஆனால் இங்கே பெரும்பாலும் மொட்டையாகச் சிரைப்பதில்லை, பெரிய மரங்களை நிழலுக்கு விட்டுவிட்டு அடியிலுள்ள புதரையும் ஏணி போல் தீயை மேலே ஏற்றும் தாழ்ந்த கிளைகளையும் மட்டும் கழிப்பார்கள். மாநிலத்தின் வனவியல் மற்றும் தீப் பாதுகாப்பு வாரியம் 2019 டிசம்பர் 30 அன்று இந்தத் திட்டத்துக்கான ஒரு பெரிய சுற்றுச்சூழல் அறிக்கையை அங்கீகரித்தது. ஏறத்தாழ 2 கோடி ஏக்கருக்கு, கையால் வெட்டுவது, இயந்திரம், திட்டமிட்டு எரிப்பது, ஆடு மேய்ப்பது, களைக்கொல்லி என்று எல்லா முறைகளுக்கும் முன்கூட்டியே ஆய்வு செய்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் புதிதாக அறிக்கை எழுத வேண்டாம், உங்கள் வேலை அந்தப் பெரிய அறிக்கைக்குள் அடங்குகிறது என்று காட்டுகிற ஒரு சரிபார்ப்பு ஆவணம், பி.எஸ்.ஏ., எழுதினால் போதும். முழுக்க உள்ளே அடங்கிவிட்டால் பொதுமக்கள் கருத்துக்கு என்று தனியாகச் சுற்றுக்கு விடவும் தேவையில்லை.

பதிலுக்கு அதன் நிபந்தனைகளை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். படிக்கும்போது சலிப்பாக இருக்கும், மலையில் நிற்கும்போதுதான் காரணம் தெரியும். அடுத்த 24 மணி நேரத்தில் மழைக்கு 30 சதவீதம் வாய்ப்பு என்றாலே இயந்திர வேலையை நிறுத்த வேண்டும், ஏனென்றால் ஈர மண்ணில் ஒரு முறை டிராக்டர் ஓடினால் அந்தத் தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகிவிடும். செயின்சாவையும் பூட்ஸையும் துடைத்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும், ஓக் மரங்களைச் சாகடிக்கிற சடன் ஓக் டெத் நோய் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆடு விட்டால் ஓடைக்குள் இறங்காமல் வேலி, அவற்றுக்குத் தனியாகத் தண்ணீர்.

ஆடு என்றதும் ஞாபகம் வருகிறது. அம்மா இங்கே வந்திருந்த சமயம், கீழ்ச்சரிவில் மின்வேலி போட்டு நூற்றுக்கணக்கான ஆடுகளை இறக்கியிருந்தார்கள். பாய்சன் ஓக்கை, நாம் தொட்டால் பத்து நாள் சொறிகிற அந்தச் சனியனை, ஆடுகள் முருங்கைக்கீரை மாதிரி மென்றுகொண்டிருந்தன. அம்மா பார்த்துவிட்டு, "கிடை போட்டிருக்காங்க, இதுக்கு எதுக்குடா நீ ராத்திரி எல்லாம் கம்ப்யூட்டர்ல எழுதுன?" என்று கேட்டார். ஆட்டுக்குமா பேப்பர் என்றால், அரசுப் பணத்தில் மேய்கிற ஆட்டுக்கு ஆமாம்.

கால்-வி.டி.பி.யில் ஓர் எச்சரிக்கை. உங்கள் மலையில் சாப்பரால் என்கிற உயரமில்லாத, கெட்டியான, எண்ணெய்ப்பசை இலைப் புதர்க்காடு இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அதை அடிக்கடி வெட்டினாலும் எரித்தாலும் அது திரும்பி வராது, அந்த இடத்தில் வெளிநாட்டுப் புல் வந்து உட்காரும், கோடையில் அந்தப் புல் இன்னும் சீக்கிரம் பற்றும். தீயைக் குறைக்கப் போய்த் தீயை வளர்த்த கதை. இதைக் காரணம் காட்டி அந்த அறிக்கையின் மீதே வழக்குப் போட்டார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆகவே தொடங்கும் முன், அந்த வழக்குக்குப் பிறகு சாப்பராலில் இப்போது என்ன செய்யலாம், என்ன கூடாது என்று லீட் ஏஜென்சியிடம் கேட்டுவிடுங்கள்.

இந்த இரண்டு வாசலும் ஒத்துவரவில்லை என்றால் இனிஷியல் ஸ்டடி எழுத வேண்டும். அழகு, காற்று, உயிரினம், நீர், சத்தம், போக்குவரத்து என்று 20 தலைப்புகள் உள்ள கேள்விப் பட்டியல். பாதிப்பைப் பரிகாரங்களால் குறைத்துவிடலாம் என்று தெரிந்தால் அந்தப் பரிகாரங்களோடு பெரிய பாதிப்பு இருக்காது என்று சொல்கிற எதிர்மறை அறிவிப்பு என்ற ஆவணம், 20 அல்லது 30 நாள் மக்கள் பார்வைக்கு, பிறகு மாநில மீன் மற்றும் வனவிலங்குத் துறைக்குச் சுமார் 3,000 டாலர் கட்டணம். ஈ.ஐ.ஆர். என்கிற முழுச் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை வரைக்கும் போகிற அளவுக்கு ஒரு குடியிருப்புச் சாலை வேலை இருந்தால், வேலையைச் சுருக்குங்கள் என்பதுதான் என் யோசனை.

2025-ல் வந்த மாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் எரிந்த பாலிசேட்ஸ், ஈட்டன் தீக்களுக்குப் பிறகு, மார்ச் 1 அன்று கவர்னர் நியூசம் அவசரநிலைப் பிரகடனம் போட்டு, எரியக்கூடிய செடிகொடிகளைக் குறைக்கிற தகுதியுள்ள வேலைகளுக்கு சீக்வாவையும் கடற்கரைச் சட்டத்தையும் தற்காலிகமாக நிறுத்திவைத்தார். மாநில அரசு அமைப்பிடம் விண்ணப்பித்துத் தகுதி வாங்க வேண்டும், அவர்களுடைய சுற்றுச்சூழல் பாதுகாப்பு நடைமுறையைக் கடைப்பிடிக்க வேண்டும். ஜூன் 30 அன்று கையெழுத்தான எஸ்.பி. 131 என்ற சட்டம், குடியிருப்புகளையும் தப்பிக்கும் சாலைகளையும் ஒட்டிய சில தடுப்பு வேலைகளுக்குச் சட்டத்திலேயே விலக்குக் கொடுத்தது. முதலாவது காலக்கெடு உள்ள ஏற்பாடு, நீங்கள் படிக்கும்போது நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதற்குப் பரப்பளவு, தூரம் என்று வரம்புகள் உண்டு, டேப் பிடித்து அளந்துவிட்டுப் பேசுங்கள்.

நாட்காட்டிதான் எஜமான்

வசந்தம் போனது ஏன் நஷ்டம் என்று சொல்கிறேன். அரிய செடிகளைப் பூக்கும்போதுதான் அடையாளம் காண முடியும். தாவரவியல் ஆய்வாளர் ஆகஸ்டில் வந்தால் காய்ந்த குச்சியைத்தான் பார்ப்பார், "இது அதுவாகவும் இருக்கலாம்" என்று எழுதிவிட்டுப் போவார், நீங்கள் அடுத்த ஏப்ரல் வரை உட்கார வேண்டியதுதான். பறவைகள் கூடு கட்டும் காலம் தோராயமாக பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை, அப்போது வெட்ட வேண்டுமென்றால் முன்னதாக ஆள் வைத்துக் கூடு தேட வேண்டும், கூடு இருந்தால் சுற்றிலும் இடம் விட வேண்டும். வெயில் காலத்தில் காய்ந்த புல்லில் இரும்பு பட்டுப் பொறி பறந்தால் நாமே தீ வைத்த கணக்கு. மழைக் காலத்தில் இயந்திரம் ஓடாது. எல்லாவற்றையும் கழித்தால் மிச்சம், முதல் மழைக்கு முன்னும் பின்னுமாக செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை சில வாரங்கள். ஆகவே பின்னாலிருந்து எண்ணுங்கள்: அக்டோபரில் வெட்ட வேண்டுமானால், மார்ச்சில் செடி ஆய்வு, அதற்கு டிசம்பரிலேயே ஆய்வாளருக்குச் சொல்லிவைத்திருக்க வேண்டும், அவர்களும் நல்ல கல்யாண மண்டபம் மாதிரி, முன்கூட்டியே புக் ஆகிவிடுவார்கள்.

எங்களுடன் நடந்த உயிரியலாளர் முதல் நாளே ஒரு குப்பைக் குவியலின் முன் நின்றுவிட்டார். இடுப்பளவு உயரத்துக்குச் சுள்ளி, பட்டை, இலை, நடுவில் யாரோ போட்ட ஒரு பாட்டில் மூடி. எரிய வேண்டிய முதல் பொருளே இதுதான் என்று நான் ரிப்பன் கட்டி வைத்திருந்த குவியல் அது. "இது வீடு" என்றார். வுட்ராட் என்கிற காட்டெலியின் கூடு, தலைமுறை தலைமுறையாக ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டி வாழுமாம், எங்கள் பகுதியில் உள்ள வகை மாநிலத்தின் கவனப் பட்டியலில் இருக்கிறது. அந்தச் சாலையில் மொத்தம் 9 கூடு இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றிப் புதரை வட்டமாக விட்டோம், திட்ட வரைபடத்தில் 9 சின்ன ஓட்டைகள். வேலைக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அதே மாதிரி, பழைய மனிதர்களின் தடயத்தையும் பார்க்க வேண்டும். தொல்லியல் பதிவுகளைத் தேடுவது, பூர்வகுடி மக்களுக்குக் கடிதம் எழுதுவது இரண்டும் கால்-வி.டி.பி.யின் பகுதி. இனிஷியல் ஸ்டடி வழியில் போனால் ஏ.பி. 52 சட்டப்படி கலந்தாலோசனையே கட்டாயம். எங்கள் மலைப்பக்கம் அமா முட்சுன் மக்கள் நிலப் பராமரிப்பில் இப்போதும் ஈடுபட்டிருக்கிறார்கள், தீயை வைத்துக் காட்டைப் பேணத் தெரிந்த மரபு அவர்களுடையது. பாறையில் உரல் குழி மாதிரி வட்டமாகத் தேய்ந்த இடம் கண்ணில் பட்டால் வேலையை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள், ஓக் கொட்டை இடித்த இடமாக இருக்கும். அதன் இருப்பிடத்தை மட்டும் பொது ஆவணத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ போட்டுவிடாதீர்கள், அந்தத் தகவல் ரகசியமாக வைக்கப்பட வேண்டியது.

விலக்கு வாங்கிவிட்டால் முடிந்ததா?

இல்லை. சீக்வா விலக்கு என்பது சீக்வாவுக்கு மட்டும்தான். ஓடைக் கரையில் கை வைத்தால் மீன் மற்றும் வனவிலங்குத் துறையுடன் தனி ஒப்பந்தம். குவித்து எரித்தால் காற்றுத் தர மாவட்டத்தின் அனுமதி, தீயணைப்பு அனுமதி. அருகிவரும் உயிரினச் சட்டங்கள் எப்போதும் உண்டு. அப்புறம் முக்கியமாக, வெட்டிய மரத்தை விற்காதீர்கள். ஒரு லாரி ரெட்வுட்டை மில்லுக்கு அனுப்பிச் செலவை ஈடுகட்டலாம் என்று ஆசை வரும், எங்களுக்கும் வந்தது. விற்ற நிமிடத்திலிருந்து அது வணிக மரவெட்டு, வனச் சட்டம் வேறு, பதிவுபெற்ற ஃபாரெஸ்டர் வேண்டும், படிவங்கள் வேறு. சிப்பரில் போட்டுத் தூளாக்கி அங்கேயே பரப்புவதுதான் நிம்மதி.

மத்திய அரசு நிலமோ, மத்தியப் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமாவின் பணமோ கலந்தால் நீபா என்கிற மத்தியச் சுற்றுச்சூழல் சட்டமும் சேரும். ஃபெமா ஆய்வு முடியும் முன் ஒரு கிளையை வெட்டினாலும் மானியம் போய்விடலாம். ஓக்லாண்ட், பெர்க்லி மலைகளில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். 1991-ல் அங்கே 25 பேர் தீயில் செத்தார்கள். யூகலிப்டஸ் மரங்களை அகற்ற 2000-களின் நடுவில் ஃபெமாவிடம் மானியம் கேட்டார்கள், இறுதி ஆய்வறிக்கை வந்தது 2014 கடைசியில், மரங்களை வெட்டக் கூடாது என்பவர்கள் வழக்குப் போட, 2016-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் ஓக்லாண்டுக்குமான பணத்தை ஃபெமா திரும்ப எடுத்துக்கொண்டது. பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்து கையில் ஒன்றும் இல்லை. அதனால் சின்ன வேலைக்கு மத்தியப் பணம் தேடாதீர்கள் என்பது என் சொந்தக் கருத்து.

வழக்கு என்றதும் பயப்பட வேண்டாம், ஆனால் நாள் கணக்கு வையுங்கள். விலக்கு எடுத்தால் கவுன்டி கிளார்க்கிடம் விலக்கு அறிவிப்பைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கட்டாயமில்லை என்று சிலர் விட்டுவிடுவார்கள். பதிவு செய்தால் யாரும் வழக்குப் போட 35 நாள்தான், செய்யாவிட்டால் 180 நாள் வரை கத்தி தொங்கும். ஒரு பக்கத் தாள், ஐந்து மாதத்தை மிச்சப்படுத்தும். மற்ற ஆவணங்களுக்குத் தீர்மான அறிவிப்பு, அதற்கு 30 நாள். அந்த நாட்கள் முடிந்த பிறகு ஒப்பந்தக்காரரை வரச் சொல்லுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுங்கள். எங்கள் வளைவில் ஒரு முதியவர், மனைவி நட்ட மரம் என்று ஒரு அகேசியாவைத் தொடக் கூடாது என்றார். கடிதமாக வந்திருந்தால் ஒரு மாதம் போயிருக்கும். காபி குடித்துக்கொண்டே கேட்டோம், அந்த மரத்தை விட்டுவிட்டு அடிக்கிளைகளை மட்டும் எட்டடி உயரத்துக்குக் கவாத்து செய்தோம், இப்போது அவர்தான் கூட்டத்துக்கு நாற்காலி கொண்டுவருகிறார்.

கடைசியாக, திட்ட விளக்கம் எழுதும்போது பராமரிப்பையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எத்தனை வருடத்துக்கு ஒரு முறை, எந்த முறையில், எந்த மாதங்களில் திரும்ப வெட்டுவோம் என்று. முதல் வெட்டுக்கு மட்டும் எழுதினால் மூன்றாவது வருடம் புதர் தோள் உயரம் வந்து நிற்கும், நீங்கள் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். எங்களுடையதில் ஆர்.சி.டி. அம்மா ஒருவர் அந்தப் பத்தியைச் சேர்க்கச் சொன்னபோது, முதலில் இது முடியட்டுமே என்று நான் முணுமுணுத்தேன். போன வாரம் ரிப்பனோடு போய்ப் பார்த்தேன், வெட்டிய டோயான் புதரின் அடித்தண்டிலிருந்து விரல் பருமனில் துளிர் கிளம்பி முட்டியளவு நிற்கிறது. அந்தப் பத்தி இருப்பதால், செடி ஆய்வை மட்டும் புதுப்பித்துவிட்டு இந்த அக்டோபரிலேயே ஆடுகளைக் கூப்பிடப் போகிறோம்.